ஃபார்மட் ஆன கார்டில் படங்கள் மிச்சம் இருக்கும்

கல்லூரித் துறையில் இரவல் வாங்கிய கேமராவில் அறுபத்துமூவர் விழாவை எடுத்துவிட்டு, கார்டோடு திருப்பிக் கொடுத்தீர்கள்; அடுத்து வாங்கியவர் ஃபார்மட் செய்துவிட்டார், படங்கள் திரும்பக் கிடைக்குமா என்கிறீர்கள்.

வாய்ப்பு உண்டு. முதலில் அவருக்கு ஃபோன் போடுங்கள்: அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. சாதாரண ஃபார்மட் கோப்புப் பட்டியலைத்தான் துடைக்கும். மேலே புதுப் படம் விழும்வரை பழையது அடியில் கிடக்கும். (கேனானில் கார்டை முழுசாகத் துடைக்கும் லோ லெவல் ஃபார்மட்டை டிக் செய்திருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள்.) கார்டின் இடது ஓரத்து லாக்கைக் கீழே தள்ளி, ரீடரில் போட்டு ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள், இலவசம்தான். மீட்டதைக் கணினியில் சேமியுங்கள், அதே கார்டில் வேண்டாம். பழைய பெயர்கள் வராது. படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும் எக்சிஃப் தகவலில் உள்ள நேரத்தை வைத்து வரிசைப்படுத்தலாம்.

அப்புறம், கேமரா இரவலாக இருக்கலாம், கார்டு சொந்தமாக இருக்கட்டும். லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று என்று இரண்டு நகல் எடுத்து, நாலைந்து படங்களைத் திறந்தும் பார்த்த பிறகுதான் கார்டைக் காலி செய்யுங்கள். கேமராவைக் கொடுக்கும்போது ஸ்லாட்டைத் திறந்து பாருங்கள். நான் படித்த காலத்தில் என் கார்டு உள்ளேயே தங்கிப்போய், நண்பன் அதில் யாருடைய பிறந்தநாளையோ முழுசாக எடுத்து வைத்திருந்தான்.