மாருதி 800: ஏசி போட்டால் சிக்னலில் இன்ஜின் அணைகிறது

கார்புரேட்டரில் ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் கம்ப்ரசர் கிளட்ச் ‘டக்’கென்று பிடித்ததும் வண்டி அணைகிறது என்றால், ஏசி போட்டதும் ஐடிலை ஏற்றிக்கொடுக்கும் ஐடில்-அப் வேலை செய்யவில்லை. அந்த 796 சிசி இன்ஜின் வெறும் ஐடிலில் கம்ப்ரசரை இழுக்காது. வண்டி வாங்கிய பிறகு வெளியே ஏசி பொருத்தியவற்றில் விட்டுப்போகிற சாமானும் இதுதான்.

கார்புரேட்டரை ஒட்டிச் சின்ன டயாஃப்ரம் (இன்ஜினின் உறிஞ்சலில் லீவரை இழுக்கும் சவ்வு), அதற்கு ஒரு வாக்யூம் குழாய், இடையில் இரண்டு ஒயர் உள்ள சோலனாய்டு வால்வு (கரண்டில் வேலை செய்யும் வால்வு) இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வாங்கிப் போட வேண்டியதுதான். இருந்தால்:

1. இன்ஜின் சூடானதும் ஏசி போட்டு, சோலனாய்டு ஒயரில் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். எரியவில்லையா? கம்ப்ரசர் கிளட்சுக்குப் போகிற ஒயரிலிருந்து சப்ளை எடுங்கள்.

2. டயாஃப்ரம் பக்கக் குழாய் நுனியைத் துடைத்துவிட்டு வாயால் உறிஞ்சி, நாக்கால் அடையுங்கள். லீவர் நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். மெதுவாகத் திரும்பி வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, அல்லது குழாயில் வெடிப்பு.

3. ஏசி ஓடும்போது சுமார் 1000 ஆர்பிஎம் நிற்கும்படி டயாஃப்ரம் ஸ்க்ரூவில் வையுங்கள். வண்டியில் டேகோமீட்டர் கிடையாது; மெக்கானிக்கிடம் இருக்கும்.

ஐடில் ஏறியும் அணைந்தால் கண்டன்சர் ஃபேனைப் பாருங்கள். அது சுற்றாவிட்டாலோ, கேஸ் அளவுக்கு மேல் ஏற்றியிருந்தாலோ பிரஷர் ஏறி, கம்ப்ரசர் இன்ஜினை அழுத்திப் பிடிக்கும். பழைய ஆர்12 கேஸ் சிஸ்டத்தை ஆர்134ஏ கேஸுக்கு மாற்றியவர்கள் பழைய எடையையே ஏற்றிவிடுவதுண்டு. அதில் 80–90 சதவீதம் போதும்.