வாசகர் கேள்வி பதில்: நாங்குநேரியில் எல்ம் மர நிழல் கிடைக்குமா?

கேள்வி: அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் வேலை பார்க்கும் என் மகன், தன் தெருவின் படம் ஒன்றை அனுப்பியிருந்தான். இருபுறமும் எல்ம் மரங்கள் பந்தலிட்டாற்போல் கூடி நிற்கின்றன. எதையும் தாங்கும் மரம் என்கிறான். அடுத்த முறை வரும்போது விதை கொண்டுவரச் சொல்லட்டுமா? எங்கள் வீட்டின் மேற்குப் பக்கம் வெயில் தாளவில்லை.
– ஒரு வாசகி, நாங்குநேரி

பதில்: வேண்டாம் அம்மா. அந்த மரம் தாங்குவது பனியை. கடுங்குளிரில் இலையெல்லாம் உதிர்த்துச் சில மாதங்கள் உறங்கினால்தான் அடுத்த வசந்தத்தில் ஒழுங்காகத் துளிர்க்கும். மார்கழியிலும் மின்விசிறி சுழலும் நம் ஊரில் அந்த உறக்கம் அதற்கு வாய்க்காது. மேலும், இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வெளிநாட்டு விதையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவது சட்டப்படி தவறு.

ஆனால் எல்ம் குடும்பத்து மரம் ஒன்று நம் மண்ணிலேயே இருக்கிறது. ஆயா மரம் என்பார்கள். ஆவி என்றும் சொல்வதுண்டு. தாவரவியலில் ஹோலோப்டீலியா இன்டெக்ரிஃபோலியா. அப்பெயரின் பின்பாதியான 'டீலியா' எல்ம் மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சோழமண்டலக் கரைத் தாவரங்களை ஆராய்ந்த ராக்ஸ்பரோ இதனை எல்ம் பேரினத்திலேயே சேர்த்திருந்தார். 1848-இல் பிளான்ஷோன் தனிப் பேரினமாகப் பிரித்தார். அறுபது அடி வரையிலும் அதற்கு மேலும் வளரும் இம்மரம் சுண்ணாம்புச் சத்து மிகுந்த வறண்ட நிலத்திலும் நிற்கும்; கிளைகளை வெட்டினாலும் விரைவில் தழைத்துவிடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இலையைக் கசக்கினால் முகம் சுளிக்க வைக்கும் வாடை வரும், கசக்காதவரை தொல்லையில்லை. தை, மாசியில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும், அப்போதுதான் பூக்கும். பூந்தூள் காற்றில் பறப்பதால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இதை விட்டுவிட்டு வேம்பையோ புங்கையோ வையுங்கள். அப்படி எவரும் இல்லையென்றால், பங்குனியில் துளிர்த்து, அக்கினி நட்சத்திரத்தின்போது இலை நிறைந்து நிற்கும் இம்மரம் உங்கள் மேற்கு வெயிலுக்கு ஏற்றதுதான்.

சுவரிலிருந்து இருபது அடியாவது தள்ளி, இரண்டடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரத்தைக் கலந்து நிரப்பி, ஐப்பசியில் முதல் நல்ல மழை விழுந்ததும் நடுங்கள். நம் பக்கத்தில் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் என்பதால், கார்த்திகை முடிவதற்குள் வேர் மண்ணைப் பிடித்துவிடும். சரள் மண்ணாக இருந்தால் குழியை இன்னும் ஓரடி ஆழமாக்கலாம். முதல் இரண்டு கோடைகளில் வாரம் இரண்டு முறை, தண்டை ஒட்டி ஊற்றாமல், சுற்றிலும் வட்டப்பாத்தி கட்டி இரண்டு குடம் ஊற்றினால் போதும். பாத்தியில் சருகையோ பனையோலைத் துண்டுகளையோ பரப்பினால் ஈரம் நிற்கும். ஆட்டுக்கு உடைமுள்ளை விடச் சிறந்த வேலி நான் இதுவரை கண்டதில்லை.

உங்கள் ஊரில் பெரிய சோதனை காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று இளங்கன்றை ஒரு பக்கமாகவே சாய்த்துவிடும். காற்று வரும் மேற்குப் பக்கம் ஒரு கம்பை ஆழ ஊன்றி, கன்றை அதனோடு எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். நான் ஒருமுறை நைலான் கயிற்றால் கட்டிவிட்டு அவிழ்க்க மறந்துபோனேன். இரண்டாம் ஆண்டு பார்த்தபோது தண்டு கயிற்றையே விழுங்கியிருந்தது, அதற்கு மேலே பட்டை வீங்கிக் கழலைபோல் நின்றது. அடுத்த ஆடியில் அந்த இடத்திலேயே முறிந்தது. கிழிந்த கோணிச்சாக்குப் பட்டைதான் நல்லது. ஆண்டுக்கொரு முறை அதையும் அவிழ்த்து மாற்றிக் கட்ட வேண்டும்.

உச்சியில் இரண்டு தண்டுகள் போட்டியிட்டு வளர்ந்தால், பலவீனமானதைச் சிறிதாக இருக்கும்போதே நீக்கிவிடுங்கள். பெருத்த பிறகு கவை பிளந்தால் பாதி மரம் போய்விடும். கீழ்க்கிளைகளை ஒரே நாளில் கழிக்காமல், ஆண்டுக்குச் சிலவாக, இலையற்ற மாசியில் கவாத்து செய்யுங்கள்.

கேள்வி: ஆயா மரக் கன்று எந்த நர்சரியிலும் கிடைக்கவில்லை. விதையிலிருந்து வளர்க்க முடியுமா?
– ஒரு வாசகர், சேரன்மகாதேவி

பதில்: முடியும், ஆனால் தாமதிக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் மரத்தடியில் வட்ட வட்டமாக உதிர்ந்து கிடப்பவை அதன் காய்கள். நடுவில் தட்டையான ஒரு விதை, சுற்றிலும் வெங்காயச் சருகு போன்ற சிறகு. ஊதினால் பறக்கும். டப்பாவில் போட்டு அடுத்த ஆண்டுக்கு என்று வைத்தால் முளைக்காது. பொறுக்கிய வாரமே மணல் கலந்த நாற்றங்காலில் தூவி, மெல்லிய மண் போர்வை இட்டு, பூவாளியால் நனைத்து, ஓலை நிழலில் வைத்திருங்கள். முளைத்ததைப் பைகளுக்கு மாற்றினால் ஐப்பசி நடவுக்குக் கன்று தயாராகிவிடும். வாங்கிய கன்றுக்காக அலைவதைவிட இதுவே எளிது.

கேள்வி: எங்கள் தெரு முழுவதும் இந்த ஒரே மரத்தை வரிசையாக வைக்கலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அழகாக இருக்குமல்லவா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: அழகாக இருக்கும், அமெரிக்க நகரங்களும் அப்படித்தான் எண்ணின. பட்டை வண்டுகள் பரப்பும் ஒரு பூஞ்சை நோயை முதலில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஆராய்ந்ததால் அது டச்சு எல்ம் நோய் எனப்பட்டது. 1930-இல் அது அமெரிக்காவில் கண்டறியப்பட்ட பின், தெருத் தெருவாக எல்ம் மரங்கள் பட்டுப்போயின. அடுத்தடுத்து நின்ற மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டி இணைந்திருந்ததால், வண்டு வராத மரத்துக்கும் நோய் வேர்வழியே சென்றது. முதற்கேள்வி கேட்ட அம்மாவின் மகன் தெருவில் நிற்பவை தப்பிப் பிழைத்தவையாகவோ நோய் எதிர்ப்புள்ள பிற்கால வகைகளாகவோதான் இருக்கும்.

நம் ஆயா மரத்துக்கு அந்த நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் இருபது இடம் இருந்தால் ஆயா ஐந்து, வேம்பு ஐந்து, புங்கை ஐந்து, மீதிக்கு இலுப்பையும் பூவரசுமாகக் கலந்து நடுங்கள். மின்கம்பிக்கு நேர் கீழே வரும் இடங்களில் ஆயாவை வைக்கவே வேண்டாம். அங்கே பூவரசு போதும்.