கட்சி வேலையை விட வேண்டுமா?

வணக்கம் அக்கா,

திருநெல்வேலியில் பி.ஏ. பொருளியல் கடைசி வருடம் படிக்கிறேன். ஒரு கட்சியின் மாணவர் அணியில் இருக்கிறேன். போராட்டம், தேர்தல் வேலை, வீடு வீடாக நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் செய்திருக்கிறேன். அடுத்து பொதுக் கொள்கை படித்து அந்தத் துறையிலேயே வேலைக்குப் போக ஆசை. எங்கள் பேராசிரியர், "கொடி பிடித்த பெண் என்று தெரிந்தால் யாரும் வேலை தர மாட்டார்கள், ஃபேஸ்புக் பதிவுகளை அழித்துவிடு" என்கிறார். அப்பாவுக்கு நான் ஐஏஎஸ் எழுத வேண்டும். அரசியலை விட்டால்தான் இந்தத் துறைக்கு வர முடியுமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

விட வேண்டாம். பேராசிரியர் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அரசியல் தொடாத இடத்தில் எந்தக் கொள்கையும் பிறப்பதில்லை.

பள்ளி உணவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் அது தொடங்கியபோது மாநகராட்சித் தலைவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். 1956-இல் காமராசர் ஆட்சி அதை மாநிலத் திட்டமாக்கியது. 1982-இல் எம்ஜிஆர் சத்துணவாக விரித்தார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது, 2022-இல் காலை உணவும் வந்தது. எல்லாம் கட்சிக்காரர்கள் எடுத்த முடிவுகள். அதே சமயம், காமராசரின் முடிவு பிள்ளைகளின் தட்டுக்கு வந்து சேர்ந்ததில், அப்போது கல்வித்துறையின் இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவின் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஊர் மக்களையும் அவர் அதில் கூட்டுச் சேர்த்தார். கோரிக்கை வைக்க உங்களுக்குத் தெரியும். அதை நடத்திக் காட்டும் இந்த வேலையைத்தான் இனி கற்க வேண்டும்.

எங்கே தொடங்குவது? மானியக் கோரிக்கையின்போது, அதாவது தன் செலவுக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும்போது, சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறது. தமிழிலேயே இணையத்தில் கிடைக்கும். நம் மாணவர் அணிகளில் அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரு துறை, அதில் ஒரே ஒரு திட்டம் போதும். சத்துணவே என்று வைத்துக்கொள்வோம். அரசாணையைப் படியுங்கள், பட்ஜெட்டில் எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் வருகிறது என்று பாருங்கள். அப்புறம் உங்கள் ஊர் மையத்துக்குப் போய் அமைப்பாளரிடமும் சமையலரிடமும் பேசுங்கள். காய்கறிக்கான பணம் எப்போது வருகிறது, உதவியாளர் பணியிடம் காலியாக இருந்தால் யார் அரிசி களைகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கிடைக்காத விவரத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம சபையிலும் எழுந்து கேளுங்கள்.

கண்டதை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். ஆட்சியில் இருப்பது உங்கள் கட்சியாகவே இருந்து, குறையும் அதன் மேலேயே இருந்தால்? அப்போதும் எழுத வேண்டும். அதை எழுத முடிந்தால் நீங்கள் கொடி பிடித்தது யாருக்கும் தடையாகத் தெரியாது. எழுதக் கை வரவில்லை என்றால், எல்லாப் பதிவுகளையும் அழித்தாலும் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவராது.

போராட்டப் படங்கள் இருக்கட்டும். யாரையாவது இழிவாகத் திட்டிய பதிவு இருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள், வேலைக்காக அல்ல.

ஐஏஎஸ் விஷயத்தில் அப்பாவிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். 1968-இன் நடத்தை விதிகள்படி அகில இந்தியப் பணியில் இருப்பவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது. அது உங்களுக்குச் சம்மதம் என்றால் எழுதலாம், அதுவும் நல்ல வழிதான். இல்லையென்றால் வேறு கதவுகள் உண்டு. டெல்லியில் பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பு லாம்ப் என்றொரு திட்டம் நடத்துகிறது. இளம் பட்டதாரிகள் ஒரு எம்.பி.யிடம் சேர்ந்து, நாடாளுமன்றக் கேள்விகளுக்கும் விவாதங்களுக்கும் குறிப்பு எடுத்துத் தருகிறார்கள். பல கட்சி எம்.பி.க்களும் அதில் இருக்கிறார்கள். நீங்கள் எதிர்த்துக் கோஷம் போட்ட கட்சியின் எம்.பி.யிடம் அனுப்பினாலும் மறுக்காமல் போங்கள். அவர்கள் ஒரு மசோதாவை எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அங்கே உட்கார்ந்துதான் பார்க்க முடியும்.

அன்புடன்,
அக்கா