பொறுப்பதற்கே வேகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டல்லாஸ் அருகே வசிக்கிறோம். மகன் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் லைன்பேக்கர், அதாவது தற்காப்பின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவன். 185 பவுண்டுதான், ஆனால் நன்றாக ஓடுவான். எடை ஏற்றச் சொல்லி வற்புறுத்துகிறேன், சரிதானே? போன ஆட்டத்தில், பந்து வைத்திருப்பவரை விழுத்தும் டேக்கிள் 11 செய்தும் பயிற்சியாளர் திட்டினார். ஏன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எடையை மருத்துவரும் பயிற்சியாளரும் பார்த்துக்கொள்ளட்டும். வளரும் பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிடுங்கள், பாவம்.

11 டேக்கிள் என்று பெருமையாக எழுதுகிறீர்களே, அதில் எத்தனை, பந்து எட்டு யார்டு போன பிறகு விழுத்தியவை என்று எண்ணினீர்களா? எட்டு யார்டு விட்டுக்கொடுத்துப் பிடித்தாலும் கணக்கில் அது ஒரு டேக்கிள்தான். அந்த எண்ணை வைத்து லைன்பேக்கரை அளப்பது சோம்பேறித்தனம்.

வேகம் எதற்கு என்று யாரும் அந்தப் பையனுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. அது பொறுப்பதற்கு. பிளே ஆக்‌ஷனில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக், அதை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கிடம் கொடுப்பதுபோலக் காட்டி ஏமாற்றுகிறார். மெதுவான லைன்பேக்கருக்கு உடனே பயம்: ஓட்டமாக இருந்தால் எட்ட முடியாதே! இரண்டு காலடி முன்னே பாய்ந்துவிடுகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் 12, 15 யார்டு ஆழத்தில் இடம் காலி, பந்து அங்கே போகிறது. வேகமுள்ளவர் அரை நொடி நின்று பார்க்கலாம். எதிரணியின் முன்வரிசைத் தடுப்பாளரான கார்ட் தலை தாழ்த்தி முன்னே முட்டினால் பெரும்பாலும் ஓட்டம், நிமிர்ந்து பின்வாங்கினால் பாஸ். கார்டும் சேர்ந்து நடித்து ஏமாற்றினாலும், திரும்பி ஓடி ஈடுகட்டக் காலில் பலம் இருக்கிறது.

பயிற்சியாளர்கள் டோனி டங்கியும் மான்டி கிஃபினும் டாம்பா பே அணியில் வளர்த்த 'டாம்பா 2' தற்காப்பு முறை இதை நம்பித்தான் நின்றது. கடைசியில் நிற்கும் தற்காப்பாளர்களான இரண்டு சேஃப்டிகள் ஆழத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். நடுவில் விழும் ஓட்டையை மிடில் லைன்பேக்கர்தான் அடைக்க வேண்டும். பாஸ் என்று தெரிந்ததும் இடுப்பைத் திருப்பி, பாஸ் பிடிக்க நடுவே நேராக ஓடும் எதிரணியின் டைட் எண்டுடன் ஆழத்துக்கு ஓடுவார். அவர் மெதுவானவர் என்றால் சேஃப்டிகள் உள்ளே நெருங்குவார்கள், ஓரங்கள் திறந்துகொள்ளும். அதற்கு அஞ்சி முன்கூட்டியே பின்வாங்கினாலோ, பாஸ் போலக் காட்டி ஓடும் 'டிரா' ஓட்டம் நடுவைக் கிழித்துக்கொண்டு போகும். சிகாகோ அணியில் இதைச் செய்த பிரையன் அர்லாக்கர் கிட்டத்தட்ட 258 பவுண்டு, ஆனாலும் வேகமானவர். கல்லூரியில் சேஃப்டி இடத்தில் ஆடியவர். டாம்பாவின் ஓர லைன்பேக்கர் டெரிக் ப்ரூக்ஸ், 2003 ஜனவரி சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் பாஸை இடைமறித்து 44 யார்டு ஓடி டச்டவுன் போட்டார்.

இன்று சான் பிரான்சிஸ்கோ அணியின் லைன்பேக்கர் ஃப்ரெட் வார்னரைப் பாருங்கள். எதிரணி இரண்டு டைட் எண்டுகளை நிறுத்தும்போது தற்காப்புக்குச் சங்கடம்: மூன்றாவது லைன்பேக்கரை இறக்கினால் பாஸ் வீசுவார்கள், பாஸைத் தடுக்கும் ஐந்தாவது டிஃபென்சிவ் பேக்கை இறக்கினால் ஓடுவார்கள். ஓட்டத்தையும் தடுத்து டைட் எண்டையும் கவர் செய்யும் ஒருவர் இருந்தால் ஆளை மாற்றவே வேண்டாம். அடுத்து என்ன தற்காப்பு வரும் என்று குவார்ட்டர்பேக்கால் ஊகிக்கவும் முடியாது.

அடுத்த ஆட்டத்தைப் படம் பிடியுங்கள். பந்தை விட்டுவிட்டு மகனின் கால்களை மட்டும் பாருங்கள். பந்தைப் பின்னே கொடுத்து ஆட்டம் தொடங்கும் ஸ்னாப் ஆனதும் முதல் காலடி முன்னே போகிறதா, நின்று பார்க்கிறானா? ஒவ்வொரு டேக்கிளுக்கும் எதிரே, எத்தனை யார்டு போனபின் என்று எழுதி, அந்தத் தாளைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள்.