கடை நடத்தும் கிறிஸ்தவருக்கு மனச்சாட்சி எதுவரை துணை வரும்?

சேலம், ஏற்காடு, ஆத்தூர் பக்கத்துச் சபைகளில் சொந்தத் தொழில் செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஆளையோ கடையையோ காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே மதத்தைக் கடைப்பிடிப்பது பற்றிப் பேசுகிறது. அந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் சமம் என்றும் சொல்கிறது. முதலாளிக்கு உள்ள மனச்சாட்சி அவரிடம் சம்பளம் வாங்குகிறவருக்கும் உண்டு, கல்லாவுக்கு எதிரே பணத்தோடு நிற்கிறவருக்கும் உண்டு. வந்த கேள்விகளில் பாதி, இதை மறந்ததால் எழுந்தவை.

அஸ்தம்பட்டி பக்கம் பேக்கரி வைத்திருக்கிறேன். பிள்ளையார் படம் போட்ட பிறந்தநாள் கேக் வேண்டும் என்று ஒருவர் வந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், "இங்கே ஒரு கிறிஸ்தவக் கேக் கடைக்காரர் உச்ச நீதிமன்றத்திலேயே ஜெயித்துவிட்டார், நீங்களும் மறுக்கலாம்" என்கிறார். மறுக்கலாமா ஐயா?

மைத்துனர் சொல்வது 2018-இல் வந்த மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப் தீர்ப்பு. கொலராடோ மாநிலத்தின் ஜாக் பிலிப்ஸ், ஒருபால் இணையர் ஒருவரின் திருமண விருந்துக்குக் கேக் செய்ய மறுத்தார். ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் ஜெயித்தார் என்பது உண்மைதான். எதனால் ஜெயித்தார் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் மீதான புகாரை விசாரித்த மாநில ஆணையம் அவருடைய விசுவாசத்தைப் பகையோடு அணுகியது, நடுநிலை தவறியது என்பதே காரணம். கிறிஸ்தவக் கடைக்காரர் தமக்குப் பிடிக்காதவரைத் திருப்பி அனுப்பலாம் என்று அந்தத் தீர்ப்பு எங்கும் சொல்லவில்லை. 2023-இல் அதே மாநிலத்தைச் சேர்ந்த இணையதள வடிவமைப்பாளர் ஒருவர் ஆறுக்கு மூன்று என்று ஜெயித்தார். அது பேச்சுரிமையின் பேரில் வந்த வெற்றி. இரண்டுமே அந்த நாட்டு அரசமைப்பின் முதல் திருத்தத்தை வைத்து வந்த தீர்ப்புகள். சேலம் நீதிமன்றத்தில் அவற்றை நீட்டிப் பயனில்லை.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமாக வருவது, அதே 2018-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பெல்ஃபாஸ்ட் நகரத்து ஆஷர்ஸ் பேக்கரி வழக்கில் சொன்னது. ஒருபால் திருமணத்தை ஆதரிக்கும் வாசகம் எழுதிய கேக்கை அந்தக் கடை மறுத்திருந்தது. யார் வந்து கேட்டிருந்தாலும் அந்த வாசகத்தை எழுதியிருக்க மாட்டார்கள், ஆகவே அவர்கள் மறுத்தது ஆளை அல்ல, வாசகத்தை என்று நீதிமன்றம் கண்டது. இதுவும் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் நம் சட்டமும் தெளிவாகப் புரியும்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி யாரையும் கடை, உணவகம், விடுதி போன்ற இடங்களுக்குள் வர விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசைப் பார்த்துப் பேசுபவை. இது தனியாரையும் பார்த்துப் பேசுகிறது. 1948-இல் அரசமைப்பு அவையில் கடை என்றால் எது என்ற கேள்வி எழுந்தபோது, காசு வாங்கிக்கொண்டு சேவை தர முன்வருகிற எந்த இடமும் கடைதான் என்ற விரிந்த பொருளில் அம்பேத்கர் விளக்கம் தந்தார். உங்கள் பேக்கரி அதற்குள் அடக்கம்.

ஆகவே, வந்தவர் இந்து என்பதால் அவருக்குக் கேக் கிடையாது என்று நீங்கள் சொல்ல முடியாது. எந்தப் படத்தை உங்கள் கையால் வரைவது, எந்த வாசகத்தை எழுதுவது என்பது வேறு விஷயம். அது நீங்கள் என்ன பொருள் விற்கிறீர்கள் என்பதைச் சேர்ந்தது. "கேக்கில் தெய்வப் படங்கள் போடுவதில்லை" என்று ஒரே விதியாக வைத்து, மாதிரிப் படங்கள் இருக்கும் ஆல்பத்தின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். விதி உண்மையாகவே எல்லோருக்கும் பொருந்த வேண்டும். கிறிஸ்துமஸுக்கு இயேசு படத்தைப் போட்டுவிட்டு ஆவணியில் பிள்ளையாரை மட்டும் மறுத்தால், மறுத்தது படத்தை என்று நீங்கள் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சாமி படத்தின் மேல் கத்தி வைக்கக் கூசுகிற இந்துக் குடும்பங்களும் நிறைய உண்டு. பொறுமையாகச் சொன்னால் இந்த விதியை அவர்கள் மரியாதையாகவே எடுத்துக்கொள்வார்கள். படமில்லாத கேக்கை அன்றைக்கே, அதே விலைக்கு, முகம் கோணாமல் கொடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துகிறோம். வேலை செய்கிறவர்களில் ஓரிருவர் தவிர எல்லோரும் இந்துக்கள். ஆயுத பூஜையைப் பட்டறையில் நடத்த வேண்டும் என்கிறார்கள். "இடம் கொடுத்தால் விக்கிரக ஆராதனைக்குப் பங்காளி ஆவீர்கள்" என்று பாஸ்டர் சொல்கிறார். இதைத் தவிர, தினமும் காலையில் எல்லோரையும் நிறுத்தி ஜெபம் செய்த பிறகே வேலை தொடங்குகிறோம். இது சரிதானே?

நீங்கள் "இதைத் தவிர" என்று எழுதியிருப்பதில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பெரிய சிக்கல் அங்கேதான் இருக்கிறது. உங்கள் இடத்தில் நீங்கள் ஜெபிப்பதை யாரும் தடுக்க முடியாது. விரும்புகிறவர் உங்களோடு சேர்ந்து நிற்கலாம். எல்லோரையும் நிறுத்துவதும், ஜெபத்துக்கு வராதவருக்கு அரைமணி நேரக் கூலியைப் பிடிப்பதும், யார் வந்தார் யார் வரவில்லை என்று மேஸ்திரி மனதில் குறித்துக்கொள்வதும் வேறு. அரசமைப்புச் சட்டத்தை விடுங்கள், சுவிசேஷமே அதற்கு இடம் கொடுக்கவில்லை. பயத்தால் தலை குனிகிறவரின் ஜெபத்தால் யாருக்கு மகிமை? வருகைப் பதிவு தொடங்கும் நேரத்துக்குக் கால்மணி முன்னதாக ஜெபத்தை வையுங்கள். வராதவரை ஒரு பார்வைகூடப் பார்க்காதீர்கள்.

கேரளத்தில் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாட மறுத்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கிய வழக்கு நினைவிருக்கலாம். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்தவர்கள். 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நம் சபைகளில் அந்தத் தீர்ப்பைப் பெருமையோடு சொல்கிறோம். உதட்டளவில்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்றால், நம் பட்டறைக்குள்ளும் அதற்கு இடம் வேண்டும்.

இனி ஆயுத பூஜை. பூஜை நடத்த இடம் கொடுத்தே தீர வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. நீங்கள் கற்பூரம் ஏற்றவோ, விபூதி பூசவோ தேவையில்லை. அதே சமயம் தராசுக்கும் இடுக்கிக்கும் கம்பி இழுக்கும் மெஷினுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பொரிகடலை படைத்து ஒரு நாள் சும்மா விடுவது, தன் பிழைப்புக்கு அந்தத் தொழிலாளி செலுத்தும் நன்றி. அதைப் பாவம் என்று அவரிடம் சொல்லும் அதிகாரத்தைச் சம்பளம் கொடுப்பது உங்களுக்குத் தரவில்லை.

பாஸ்டரோடு நான் உடன்படவில்லை. கொரிந்து சபைக்கு இதே மாதிரி ஒரு கேள்வி வந்தது. படைத்த இறைச்சி கடைத்தெருவில் விற்கிறதே, வாங்கலாமா என்று. சந்தையில் விற்பதைத் துருவித் துருவிக் கேட்காமல் வாங்கி உண்ணுங்கள் என்றார் பவுல். படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காக விலகிக்கொள்ளுங்கள் என்றார். பந்தியில் பங்குகொள்வதையும் அடுத்தவரோடு வாழ்வதையும் அவர் பிரித்தே பார்த்தார். நான் பார்த்த பட்டறைகளில் நன்றாக நடப்பது இந்த முறைதான்: முந்தைய நாள் சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிடுகிறார்கள். கருவிகளைத் துடைத்து அவர்களே பூஜை செய்துகொள்கிறார்கள். முதலாளி பிறகு வந்து இனிப்பும் போனஸும் கொடுக்கிறார். படைத்த பொரியை வாங்க மனமில்லை என்றால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுகிறார், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமானால், நான்கு தேசிய விடுமுறைகள் போக ஐந்து பண்டிகை விடுமுறைகளைத் தொழிலாளர்களையும் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும். கிறிஸ்துமஸ், புனித வெள்ளி என்று உங்கள் பட்டியலை மட்டும் எழுதி அனுப்ப முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கடையை மூடினால் சட்டச் சிக்கல் வருமா? வாடிக்கையாளர்கள் குறைபடுகிறார்கள்.

வராது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி வார விடுமுறை எந்த நாள் என்பதைக் கடைக்காரரே முடிவு செய்து, பலகையில் எழுதி மாட்டலாம். வாடிக்கையாளர் பழகிக்கொள்வார்.

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறோம். திருமணமாகாத ஜோடிகளுக்கு அறை கொடுக்க எங்கள் விசுவாசம் இடம் கொடுக்கவில்லை. போலீஸ் தொந்தரவு வரும் என்று சொல்லியே மறுத்து வருகிறோம்.

அந்தச் சாக்கை இன்றோடு விட்டுவிடுங்கள், அது பொய். கோயம்புத்தூரில் ஒரு தங்கும் விடுதியை அதிகாரிகள் மூடி முத்திரையிட்ட வழக்கில் 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வயது வந்த, திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை. விசுவாசத்தின் பேரில் ஒரு விதி வைக்கிறவர் போலீஸின் பெயரைச் சொல்லி ஏன் ஒளிய வேண்டும்?

அந்தத் தீர்ப்பு அதிகாரிகளின் நடவடிக்கையைப் பற்றியது. உங்கள் வீட்டு விதியைப் பற்றி அது பேசவில்லை. 15(2) பிரிவின் பட்டியலில் மதமும் சாதியும் உண்டு, திருமண நிலை இல்லை. ஆகவே விதி வைக்கலாம். ஆனால் முன்பதிவுப் பக்கத்திலேயே அது இருக்க வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி மழையில் வந்து நிற்கிறவர்களை இரவு ஒன்பது மணிக்கு வாசலில் வைத்துத் திருப்பினால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் பதில் சொல்ல வேண்டி வரும். தாலி, மெட்டி, குங்குமம் என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிறிஸ்தவப் பெண்களிலேயே பலர் மோதிரம் மட்டும் அணிகிறவர்கள். விதி வைத்தால் எல்லோரிடமும் ஒரே ஆவணத்தைக் கேளுங்கள். கலப்பு மதத் தம்பதியை மட்டும் நிறுத்திச் சான்றிதழ் கேட்பது 15(2)-ஐ நேராக மீறுவது.

திருநர் விருந்தினர்களைப் பற்றியும் இதே கடிதத்தில் தயக்கத்தோடு கேட்டிருக்கிறீர்கள். அதில் தயங்க ஒன்றுமில்லை. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் தங்குமிடத்தை அவர்களுக்கு மறுப்பது 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

ஆத்தூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். அவசர கால கருத்தடை மாத்திரை விற்க மனச்சாட்சி உறுத்துகிறது. இருப்பு இல்லை என்று சொல்லிவிடலாமா?

இருக்கும்போது இல்லை என்று சொல்லக் கூடாது. 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் 28-ஆம் பத்தியை ஒருமுறை படியுங்கள்: தன்னிடம் உள்ள மருந்தை வாங்க வருகிறவருக்கு விற்பனையாளர் விற்க மறுக்கக் கூடாது. "தன்னிடம் உள்ள" என்பதுதான் இதில் முக்கியம். உறுத்துகிறது என்றால் அந்த மருந்தைக் கொள்முதல் செய்யாமலே இருங்கள். கேட்கிறவரிடம், "நான் வைப்பதில்லை, அடுத்த தெருவில் கிடைக்கும்" என்று சொல்லி அனுப்புங்கள். நேரம் கடந்தால் பயன் குறையும் மாத்திரை அது. ஒரு பெண்ணை நான்கு கடை அலைய விடுவது எந்த மனச்சாட்சிக்கும் நிம்மதி தராது. உபதேசமும் வேண்டாம். வன்கொடுமைக்கு ஆளான பெண் ஒருவரும் அதே மாத்திரைக்காக உங்கள் கடை வாசலில் நிற்கலாம்.

கல்யாண மண்டபத்தைக் கிறிஸ்தவத் திருமணங்களுக்கு மட்டும் விடலாமா?

சபையின் சொத்தாக, சபையாருக்காக நடத்தும் மண்டபம் என்றால் அது சபையின் நிர்வாகம். சாலையில் போர்டு வைத்து வாடகைக்கு விடும் மண்டபம் என்றால் மதம் பார்க்க முடியாது. ஹோமம் வளர்க்கக் கூடாது என்று தீ பாதுகாப்பைக் காட்டி விதி வைத்தால், சமையல் அடுப்பு வரை அதே கண்டிப்பு இருக்க வேண்டும்.

இதே கடிதத்தில், "நம் ஆட்களிலேயே எல்லாச் சாதிக்கும் கொடுப்பதில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்து வேதனைப்பட்டேன். தீண்டாமையை 17-ஆம் பிரிவு ஒழித்தது. அதைக் கடைப்பிடிப்பவரைத் தண்டிக்க 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பட்டியல் சாதியினருக்கு எதிராக என்றால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயக்கூடும். ஞானஸ்நானம் பெற்றவர் ஒருவர் இதை மனச்சாட்சிக் கேள்விகளுக்கு நடுவில் எழுதியிருக்கக் கூடாது.

ஏற்காட்டில் நாங்கள் வாங்கிய காப்பித் தோட்டத்துக்குள் தொழிலாளர்கள் கும்பிடும் மாரியம்மன் கோவில் ஒன்று இருக்கிறது. அதை அப்புறப்படுத்தலாமா? திருவிழாவுக்குப் பணமும் கேட்கிறார்கள்.

சில்வர் ஓக் மரத்தடியில் மூன்று கல், ஒரு சூலம், மேலே தகரக் கூரை என்று படம் அனுப்பியிருக்கிறீர்கள். கிரயப் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதற்காகக் கடப்பாரையைத் தூக்காதீர்கள். வழிபாட்டு இடத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு சேதப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 298-ஆம் பிரிவின்படி குற்றம். தலைமுறையாகக் கும்பிட்டு வருகிறவர்களுக்கு வழக்காற்று உரிமையும் இருக்கலாம், அதை உரிமையியல் நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும். இடமாற்றம் அவசியமானால் அவர்களிடமே பேசி, அவர்கள் கையாலேயே நடக்கட்டும்.

பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் உங்களை நிர்ப்பந்திக்க முடியாது. மிரட்டி வாங்கினால் அது பணப்பறிப்பு, 308-ஆம் பிரிவு. ஆனால் உங்கள் கடிதத்தில் மிரட்டல் எதுவும் தெரியவில்லை, கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பூஜைச் செலவுக்குக் கொடுக்க மனமில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அன்றைய குடிநீருக்கும் தெரு விளக்குக்கும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். திருவிழா நாளில் சம்பளத்தோடு விடுமுறை கொடுங்கள்.

எங்கள் கட்டடத்தை வாடகைக்கு எடுத்தவர் அதில் பார் நடத்த இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடப் பார்க்கிறார். தடுக்க முடியுமா?

முடியும். 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. உங்கள் ஒப்பந்தத்தில் மளிகைக் கடைக்காக என்று எழுதியிருப்பது நல்லது. அதைச் சுட்டிக்காட்டி இந்த வாரமே பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது மது விற்பனைக்கு இடமில்லை என்று தனி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.