இரவில் நின்றுபோகும் சர்வரை வீட்டிலிருந்தே கண்காணிப்பது எப்படி?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் அலுவலகத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் சர்வர் ஒன்று ஓடுகிறது. இரவில் அது நின்றுபோனால் மறுநாள் காலையில்தான் தெரியவருகிறது. குரோம்பேட்டையிலுள்ள என் வீட்டிலிருந்தே அதைக் கண்காணிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் கண்காணிக்கும் மென்பொருளை அதே சர்வரில் நிறுவிவிடாதீர்கள். சர்வர் படுத்துவிட்டால், அதைச் சொல்ல வேண்டிய மென்பொருளும் சேர்ந்தே படுத்துவிடும். மாத வாடகைக்குக் கிடைக்கும் சிறிய கிளவுட் சர்வர் ஒன்றில் தகவல்களைத் திரட்டும் புரொமிதியஸையும் எச்சரிக்கை அனுப்பும் அலர்ட்மேனேஜரையும், அலுவலகச் சர்வரில் அதன் நிலையை அளந்து சொல்லும் நோட் எக்ஸ்போர்ட்டரையும் நிறுவினால் போதும். வரைபடமாகப் பார்க்க விரும்பினால் கிராஃபானாவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நோட் எக்ஸ்போர்ட்டர் 9100 என்ற போர்ட்டில் (இணைப்பு வாயில் எண்) தகவல் தருகிறது; இயல்பு அமைப்பில் அது கடவுச்சொல் கேட்பதில்லை என்பதால், ரூட்டரில் அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவது ஆபத்து. மேலும், பிராட்பேண்ட் நிறுவனங்கள் பலவும் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிப்பதால், வெளியிலிருந்து உள்ளே வர வழியே இல்லாமலும் போகலாம். அலுவலகச் சர்வரிலிருந்து கிளவுட் சர்வருக்கு வயர்கார்ட் என்ற பாதுகாப்பான தனிப்பாதை (விபிஎன்) இணைப்பை ஏற்படுத்தி, அது அறுந்துவிடாமலிருக்க 25 விநாடிக்கு ஒருமுறை உயிர்ப்புச் செய்தி அனுப்புமாறு அமைத்து, நோட் எக்ஸ்போர்ட்டரை அந்த இணைப்பின் முகவரியில் மட்டும் இயக்கினால் இரண்டு சிக்கல்களும் தீரும்.

எச்சரிக்கைகளில் கஞ்சத்தனம் நல்லது. சிபியு ஒரு நிமிடம் 90 சதவீதத்தைத் தொட்டதற்கெல்லாம் கைபேசி ஒலித்தால், இரண்டே வாரத்தில் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவீர்கள். சர்வர் தொடர்ந்து 5 நிமிடம் பதில் தராதபோதும், டிஸ்க் 85 சதவீதம் நிரம்பும்போதும் டெலிகிராமில் செய்தி வந்தால் போதும். டிஸ்க்கில் இடத்தோடு ஐநோடுகளையும் (கோப்பு ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் பதிவுகள்) கவனியுங்கள்; சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்து அவை தீர்ந்துவிட்டால், பாதி டிஸ்க் காலியாக இருந்தாலும் ‘இடமில்லை’ என்றே லினக்ஸ் சொல்லும்.

மழைக்கால மின்வெட்டில் இன்னொரு வேடிக்கை நடக்கும். சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். ரூட்டர் மட்டும் அணைந்திருக்கும். உங்களுக்கோ சர்வர் செத்துவிட்டதாகச் செய்தி வரும். ரூட்டரையும் ஃபைபர் மோடத்தையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஒரு சனிக்கிழமை மாலை சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டுக் காத்திருங்கள். பத்து நிமிடத்துக்குள் செய்தி வராவிட்டால், முதலில் அலர்ட்மேனேஜரின் அமைப்புக் கோப்பைச் சரிபாருங்கள்.