அறிவுரை சொல்லாத ஆலோசகர்

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் வசிக்கும் 43 வயது இல்லத்தரசி. மனச்சோர்வு என்று மருத்துவர் கூறியதால், மாத்திரையோடு வாரம் ஒருமுறை உளவியல் ஆலோசகரிடமும் செல்கிறேன். ஐந்து வாரங்கள் ஆகிவிட்டன. அவர் அறிவுரையே சொல்வதில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். நோட்டில் எழுதி வரச் சொல்கிறார். காசிமேடு வரை போய் மீன் வாங்கி வரச் சொல்கிறார். இதனால் என்ன குணமாகிவிடும்? நிறுத்திவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இப்போது நிறுத்த வேண்டாம். மீன் வாங்கும் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் எரிச்சல் அதில்தான் அதிகம் தெரிகிறது. 'மனசு சரியானதும் வெளியே போகலாம்' என்று மனச்சோர்வில் இருப்பவர் காத்திருக்கிறார். வீட்டுக்குள்ளேயே முடங்கியிருப்பதால் மனத்துக்கு இதமான எதுவும் அவரை எட்டுவதில்லை. அதனால் சோர்வு இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை உடைக்க, மனம் மாறும் முன்பே சிறு செயல்களைத் திட்டமிட்டுச் செய்ய வைப்பது ஒரு சிகிச்சை முறை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் பட்டம் ஏதுமின்றிப் பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இம்முறையைக் கையாண்டபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இம்முறையையும் சேர்த்துப் பெற்றவர்கள் நன்றாகத் தேறியதை 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

நோட்டில் எழுதுவது, 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிகிச்சையிலிருந்து வந்தது. மகள் இரண்டு நாள் போன் செய்யாவிட்டால், 'நான் யாருக்கும் வேண்டாதவள்' என்ற எண்ணம் தானாக எழுகிறது. அது ஓர் எண்ணம் என்பதே தெரியாமல் உண்மையாகவே நம்பிவிடுகிறோம். எழுதிப் பார்க்கும்போதுதான், அதற்கு என்ன ஆதாரம், வேறு காரணம் இருக்கக்கூடுமா என்று கேட்க முடிகிறது. ஆலோசகர் கேள்விகளாகக் கேட்பதும் இதற்காகத்தான். ('தைரியமா இரு' என்ற அறிவுரையை உங்கள் வீட்டிலும் தெருவிலும் ஏற்கெனவே எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்!)

இவ்வளவு சொன்னாலும், இந்த விளக்கத்தை நீங்கள் என்னிடம் கேட்க நேர்ந்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. சிகிச்சையில் இருவருக்குமிடையே குறிக்கோளிலும் செய்யும் வேலையிலும் உடன்பாடும், ஒரு பிணைப்பும் வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் எழுதினார். உங்களிடம் செய்யும் வேலையில் உடன்பாடு விடுபட்டிருக்கிறது. வேலையின் நோக்கத்தை அவர் முதலிலேயே விளக்கியிருக்க வேண்டும்.

மனச்சோர்வுக்கான இத்தகைய சிகிச்சை பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள் வரை நடக்கும். மனச்சோர்வின் அளவைக் காட்ட, ஒன்பது கேள்விகளுக்கு மொத்தம் 0 முதல் 27 வரை மதிப்பெண் தரும் PHQ-9 என்ற படிவம் உண்டு. அதைச் சில வாரங்களுக்கு ஒருமுறை உங்களை நிரப்ப வைக்கும்படி ஆலோசகரிடம் கேளுங்கள். பத்து அமர்வுகளுக்குப் பிறகும் எண் இறங்காவிட்டால், முறையையோ மருந்தையோ மாற்றுவது பற்றி மருத்துவரிடம் பேசலாம். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. உயிர் மீதே வெறுப்பு வந்தால் அடுத்த வாரம் வரை காத்திராமல், எந்நேரமும் தமிழில் பேசக்கூடிய 14416 என்ற இலவச எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடுத்த முறை, நோட்டைத் திறப்பதற்கு முன், எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். காசிமேட்டுக் கூட்டம் உங்களுக்கு அதிகம் என்றால், மாலையில் மொட்டை மாடியில் பத்து நிமிடம் நிற்பது என்று அவரே வேலையைச் சுருக்கித் தரக்கூடும்.